கண் பார்வையும் கலியாணப் பேச்சும்



கலியாணப் பேச்சு தொடங்கும் காலங்களில் ஒரு கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. முன்பு தாய்மார் மட்டும் கேட்டார்கள். இப்போது பெண்பிள்ளைகளும் கேட்கிறார்கள். கேள்வி ஏறக்குறைய இதுதான்: "சாமி, பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்குக் கண்ணாடி. வரன் வருகிறது. கண்ணாடி போட்ட பெண் என்றதும் யோசிக்கிறார்கள். வேலூருக்கோ சென்னைக்கோ போய் லேசர் வைத்துக் கண்ணாடியை எடுத்துவிடலாம் என்று சொல்கிறார்கள். அதுவரை கண்ணில் லென்ஸ் வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்றும் சொல்கிறார்கள். சர்வேசுரன் கொடுத்த கண்ணை இப்படி மாற்றுவது பாவமா? மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமா?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டுக்கும் விடை சொல்லுவேன். ஆனால் யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன்: ஒரு வீட்டில் முதன்முதல் யாருடைய கண்ணைக் கவனிக்க வேண்டும்? முதல் இரண்டு கேள்விகளும் இந்த மூன்றாவதை ஒட்டியே நிற்கின்றன என்பதைப் போகப் போகக் காண்பீர்கள்.

முதலில் காரியம் இன்னதென்று அறிந்துகொள்வோம். காரியத்தை அறியாமல் நியாயம் சொல்லப் புறப்படுவது இருட்டில் உட்கார்ந்து ஊடை போடுவதற்குச் சமம்.

மூக்குக் கண்ணாடியைப் பற்றி உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய செய்திகளில் ஒன்று ஒரு குருவானவருடைய பிரசங்கத்தில் இருக்கிறது என்றால் வியப்பீர்கள். இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரில், 1306-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி, அர்ச். தோமினிக் சபையைச் சேர்ந்த ஜோர்தானோ என்பவர் பிரசங்கம் செய்தார். கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை என்றும், அதை முதலில் செய்தவரைத் தாமே கண்டு பேசியிருப்பதாகவும் அவர் மக்களுக்குச் சொன்னார். அதே சபையில், பீசா நகர மடத்தில், அலெக்சாந்திரோ தெல்லா ஸ்பீனா என்றொரு சகோதரர் இருந்தார். முதலில் கண்ணாடி செய்தவர் அந்த இரகசியத்தைப் பிறருக்குச் சொல்ல மனமில்லாதிருந்தார். ஸ்பீனாவோ அதைத் தாமே செய்து பழகி, மகிழ்ந்த மனத்தோடு எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தார் என்று அந்த மடத்தின் குறிப்பேடு கூறுகிறது. அவர் 1313-இல் மரித்தார். அந்த முதற் கண்ணாடிகள் யாருக்காகச் செய்யப்பட்டன என்பதையும் கவனியுங்கள். வயது ஏற ஏறக் கிட்டத்துப் பார்வை மங்கி, எழுத்தும் கைவேலையும் செய்ய முடியாமல் தவித்தவர்களுக்காகவே அவை செய்யப்பட்டன. முகத்தின் அழகைப் பற்றிய பேச்சே அப்போது இல்லை.

காண்டாக்ட் லென்ஸின் கதையும் எளிமையானது. கண்ணாடியினாலான கடினமான லென்ஸுகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செய்யப்பட்டன; ஆனால் அவற்றை நெடுநேரம் அணிய முடியவில்லை. 1961-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாட்களில், பிராக் நகரில், ஓட்டோ விக்டர்லே என்னும் இரசாயன நிபுணர் தம் வீட்டுச் சமையலறை மேசைமீது ஒரு சிறு பொறியைப் பூட்டினார். பிள்ளைகள் விளையாடும் இரும்புத் துண்டுகளும் சைக்கிள் டைனமோவும் சேர்ந்ததே அந்தப் பொறி. அதைச் சுழலவிட்டு, நீரை உறிஞ்சி மென்மையாக இருக்கும் லென்ஸை வார்த்தெடுத்தார். இன்று கோடிக்கணக்கானோர் அணியும் மெல்லிய லென்ஸுகள் அந்த வழியில் வந்தவையே.

லேசர் சிகிச்சையிலோ நம்மவர் ஒருவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ரங்கசாமி சீனிவாசன் 1929-இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து, அமெரிக்கா சென்று ஐ.பி.எம். ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தவர். 1981-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி, முந்தின நாள் பண்டிகை விருந்தில் மீந்த வான்கோழித் துண்டின்மீது எக்சைமர் என்னும் லேசர் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். சதை கருகவில்லை, பக்கத்தில் சூடு பரவவில்லை, கூரிய உளியால் செதுக்கியதுபோல் சுத்தமான வெட்டு விழுந்திருந்தது. பின்னர் அவரும் ஸ்டீபன் டிராகல் என்னும் கண் டாக்டரும் மாட்டின் கண்களில் இதைச் சோதித்து 1983-இல் வெளியிட்டார்கள். 1995-இல் அமெரிக்க அரசு இந்த லேசரைக் கண் சிகிச்சைக்கு அனுமதித்தது. 2013-இல் அந்நாட்டு ஜனாதிபதியின் கையால் சீனிவாசனும் அவருடைய தோழர்கள் இருவரும் தேசியப் பதக்கம் பெற்றார்கள்.

இந்தச் சிகிச்சை செய்வது என்ன? நம் கண்ணின் முன்பக்கத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல், தெளிந்த படலம் ஒன்று இருக்கிறது. நடுவில் அதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். சிலருக்குக் கண் விழி சற்று நீண்டிருப்பதால், தூரத்துக் காட்சி விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னமே கூடிவிடுகிறது. இதுவே கிட்டப்பார்வை. முன்படலத்தின் வளைவைச் சற்றுத் தட்டையாக்கினால் காட்சி உரிய இடத்தில் விழும். லாசிக் முறையில் டாக்டர் அந்தப் படலத்தின் மேல் ஏட்டை மெல்லத் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, ஏட்டை மறுபடி மூடுகிறார். லேசரின் ஒரு துடிப்பு எடுப்பது ஒரு மில்லிமீட்டரை நாலாயிரம் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு.

இனி முதற் கேள்விக்கு வருவோம். இறைவன் கொடுத்த கண்ணை இப்படி மாற்றுவது பாவமா?

பாவம் அல்ல. குறையுள்ள உறுப்பைச் சீர்ப்படுத்துவது படைப்பை எதிர்ப்பது ஆகாது. கண்ணைத் தந்தவரே புத்தியையும் தந்தார். புத்தியால் கண்ணுக்கு உதவி செய்வது அவருடைய கொடையைக் கொடைக்கு ஊழியம் செய்ய வைப்பதாகும். எரிக்கோ வழியோரத்தில் உட்கார்ந்திருந்த குருடனைச் சேசுநாதர் அவன் விதி என்று விட்டுப் போய்விடவில்லை. நம் வேலூரில், ஆரணி சாலையிலே, ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1902-இல் திறந்த ஷெல் மருத்துவமனை பின்னாளில் கண் மருத்துவமனையாகி எத்தனையோ பேருக்கு வெளிச்சம் தந்தது. அதைப் பாவம் என்று சொல்ல யாருக்கு நா எழும்பும்?

"கண்ணாடி போட்டால் தெரிகிற கண்தானே? நோயில்லாத கண்ணில் அழகுக்காகக் கத்தி வைக்கலாமா?" என்று சிலர் மடக்குவார்கள். இது நல்ல கேள்வி. 12-ஆம் பத்திநாதர் என்ற பயஸ் பாப்பரசர், தாம் மரிப்பதற்கு ஐந்து நாள் முன்பு, 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி, உருவத்தைச் சீர்ப்படுத்தும் அறுவை வைத்தியர்களுக்கு இதைப் பற்றியே உரையாற்றினார். உடல் அழகும் ஒரு நன்மையே, ஆயினும் அது தலையாய நன்மை அல்ல என்பது அவருடைய போதகம். அத்தகைய சிகிச்சை நியாயமாவதற்கு அவர் காட்டிய அளவுகோல்களை நம் வழக்கில் இப்படிச் சொல்லலாம்: எண்ணம் நேர்மையாக இருக்க வேண்டும், உடம்புக்குப் பெரிய ஆபத்து இருக்கக்கூடாது, செய்யும் ஏற்பாட்டுக்கு ஏற்ற அளவு காரணம் இருக்க வேண்டும். அவருக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், இல்லாத அழகை இருப்பதுபோல் நடிப்பது வேறு, நோய் முதலிய காரணத்தால் வந்த குறையை மறைப்பது வேறு என்று பிரித்து, பின்னது குற்றமல்ல என்று எழுதினார். ஆகவே லேசர் வைத்துக்கொண்ட பெண்ணையோ பையனையோ பார்த்து, "ஆடம்பரக்காரி", "பகட்டுக்காரன்" என்று முணுமுணுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் இந்த மூன்று அளவுகோல்களையும் நம் ஊர் வீடுகளில் வைத்து அளந்து பார்க்க வேண்டும்.

ஆபத்தைப் பார்ப்போம். தேர்ந்த டாக்டர் கையில் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் நன்றாகவே முடிகிறது. ஆயினும் எல்லாக் கண்ணும் இதற்கு ஏற்றதல்ல. வயது பதினெட்டாவது நிரம்பியிருக்க வேண்டும். பவர் ஒரு வருஷமாவது மாறாமல் நின்றிருக்க வேண்டும். முன்படலம் போதிய தடிப்புள்ளதாக இருக்க வேண்டும். அந்தப் படலம் மெலிந்து கூம்புபோல் நீளும் நோய் சிலருக்கு வெளியே தெரியாமல் இருக்கும். அவர்களுக்கு லேசர் வைத்தால் உள்ள பார்வையும் கெடும். கண் உலர்ந்து போவதும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுவதும் சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும், அபூர்வமாய் நிலைத்தும் விடும். இவற்றையெல்லாம் சோதித்த பின், "உன் கண்ணுக்கு இது வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால், அந்த வார்த்தையை ஆசீர்வாதமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். "கலியாணத் தேதி குறித்தாயிற்று, எப்படியாவது செய்யுங்கள்" என்று வேறு டாக்டரைத் தேடி ஓடுவது பெண்ணின் கண்ணைத் தேதிக்குப் பலியிடுவதாகும்.

செலவைப் பார்ப்போம். முறைக்குத் தக்கபடி பல ஆயிரம் ஆகும்; புது முறைகளில் லட்சத்தையும் தொடும். சேமிப்பிலிருந்து செலவழிப்பவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் முதலாளியிடம் தறிமீது வாங்கிய முன்பணம் இன்னும் தீராதபோது, அதன்மேல் இன்னொரு முன்பணம் வாங்கி மகள் முகத்திலிருந்து கண்ணாடியை எடுப்பது எப்படி நியாயமாகும்? கண்ணாடி முகத்தை விட்டு இறங்கும். கடன் தறியை விட்டு இறங்காது. தகப்பனோடு தம்பியும் அந்தத் தறிக்குக் கட்டுண்டு கிடப்பான்.

எண்ணத்தைப் பார்ப்போம். போலீஸிலோ பட்டாளத்திலோ சேர விரும்பும் பிள்ளை, வேலை காரணமாகக் கண்ணாடி தொந்தரவாயிருப்பவர், பவர் மிகுந்து கண்ணாடி கழற்றினால் தடுமாறுகிறவர், அல்லது கண்ணாடி இல்லாமல் இருக்கலாமே என்று தானாகவே ஆசைப்படுகிற பெண்: இவர்கள் எண்ணம் ஒன்றும் கோணலானதல்ல. ஆனால் "நீ இப்படியே இருந்தால் உன்னை யாரும் எடுக்க மாட்டார்கள்" என்று வீட்டார் தினமும் சொல்லச் சொல்ல, வெட்கத்தில் தலைகுனிந்து "சரி" என்கிற பெண்ணின் சம்மதம் முழுச் சம்மதமா? கண் அவளுடையது. ஆபத்தைத் தாங்கப் போகிறவளும் அவளே. ஆகையால் வேண்டும் என்பதையும் வேண்டாம் என்பதையும் அவளே சொல்ல வேண்டும். பெற்றோர் யோசனை சொல்லலாம். அவமானப்படுத்தி இணங்க வைக்கக் கூடாது.

இரண்டாம் கேள்வி: மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா?

மறைப்பதற்கும் பொய் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. உடம்பிலுள்ள ஒவ்வொரு சின்னக் காரியத்தையும் பந்தலில் நின்று அறிவிக்க யாருக்கும் கடமையில்லை. கண்ணாடி போடுவது மெய்விவாகத்தைக் குலைக்கிற குறையும் அல்ல. வாழ்க்கைத் துணையின் வாழ்வையே கடுமையாகக் கலக்கக்கூடிய ஒரு காரியத்தில் வஞ்சித்துச் சம்மதம் பெற்றால்தான் அந்த விவாகம் செல்லாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. கண்ணாடியின் பவர் பொதுவாய் அந்த வகையில் சேராது. ஆகவே அச்சம் வேண்டாம்.

ஆனால் சட்டத்துக்குத் தப்பியதெல்லாம் நியாயமாகிவிடுமா? கோவிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசிக்கிறோமே, எதற்காக? மறைந்து கிடப்பது ஏதேனும் இருந்தால் தாலி ஏறுமுன் வெளிப்படட்டும் என்பதற்காகவே. அந்த ஓலையின் உட்கருத்து இரு வீட்டு முற்றத்திலும் இருக்க வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று லென்ஸ் வைத்து உட்காரவைத்து, "கண்ணில் ஒரு குறையும் இல்லை" என்று வாய்கூசாமல் சொல்வது பொய். சின்னப் பொய்தான். ஆனால் கலியாணத்துக்கு முதற் செங்கல்லாக அது வைக்கப்படுகிறது.

அந்தப் பொய்யை அதற்குப் பின் யார் சுமப்பது என்று யோசித்தீர்களா? சொன்ன தாய்தகப்பன் அல்ல. புது வீட்டில், புது மனிதர் நடுவில், அந்தப் பெண்தான் அதைச் சுமக்கிறாள். இரவில் லென்ஸைக் கழற்றினால் கண்ணாடி வேண்டும். கண்ணாடியை எடுத்தால் காரியம் வெளியாகும். ஆகவே கழற்றாமலே தூங்குகிறாள். கை கழுவ இடம் தேடாமல், மருந்து நீர் இல்லாமல், குழாய்த் தண்ணீரில் லென்ஸை அலசி அவசரமாக வைக்கிறாள். கண் டாக்டர்கள் எதைச் செய்யவே கூடாது என்று தலையில் அடித்துக்கொள்கிறார்களோ, அதையெல்லாம் அவள் செய்யும்படி ஆகிறது. லென்ஸோடு தூங்கினால் கண்ணின் படலத்துக்குக் காற்று போதாது. கிருமி பிடித்துப் புண்ணாகும். குழாய்த் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் இருக்கும் ஒருவகை நுண்ணுயிர் லென்ஸைப் பற்றிக்கொண்டு கண்ணைத் துளைத்தால், பார்வையைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். சுத்தமாக, சொன்ன நேரம் மட்டும் அணிகிறவர்களுக்கு லென்ஸ் நல்ல சாதனமே. மறைத்து அணிகிறவர்களுக்குத்தான் அது கொடியது. பொய் ஆத்துமத்துக்குக் கேடு என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். இங்கே அது கண்ணுக்கும் கேடாகிறது.

லேசர் வைத்தபின் கண்ணாடியே இல்லையே, அப்போதும் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். அங்கே பார்க்கிறவருக்குப் பொய்த் தோற்றம் ஒன்றும் காட்டப்படவில்லை. ஆயினும் சொல்லிவிடுவதே நலம் என்பேன். அதற்கும் காரணம் உண்டு. மிகுந்த கிட்டப்பார்வை உள்ளவரின் விழி உள்ளே நீண்டபடியே இருக்கிறது; லேசர் அதைக் குறுக்குவதில்லை. விழித்திரை கிழிந்து பிரியும் அபாயம் மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம். திடீரென்று கண்முன் மின்னல் வெட்டினால், கரும்புள்ளிகள் பொழிந்தால், திரை விழுந்தாற்போல் மறைத்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். புருஷனுக்கு விஷயம் தெரிந்திருந்தால் ஓடுவான். தெரியாதவன் "தூங்கி எழுந்தால் சரியாகும்" என்பான். வீட்டிலுள்ள ஒருவர் உண்மையை அறிந்திருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

இதெல்லாம் மாப்பிள்ளைக்கும் பொருந்தும். பெண் வீட்டார் கேட்டால் அவனும் மறைக்காமல் சொல்லக் கடவான்.

இங்கே பெண்ணைப் பெற்றவர்களை மட்டும் கண்டித்து நிறுத்தினால் நான் நியாயம் செய்தவனாக மாட்டேன். அவர்கள் ஏன் மறைக்கிறார்கள்? பயந்து மறைக்கிறார்கள். அந்தப் பயத்தை உண்டாக்கினவர்கள் யார்? மகன்களைப் பெற்ற தாய்மார்களே, தகப்பன்மார்களே, இந்த இடத்தில் உங்களோடு சற்று உரத்துப் பேச வேண்டியிருக்கிறது.

ஆண்பிள்ளை கண்ணாடி போட்டால் "படித்த முகம்" என்கிறீர்கள். பெண்பிள்ளை கண்ணாடி போட்டால் "குறை" என்கிறீர்கள். ஒரே கண், ஒரே கண்ணாடி, ஒரே பவர். இரண்டு நியாயம் எங்கிருந்து வந்தது? அவள் புத்தகத்தைப் படித்ததும், தாயோடு உட்கார்ந்து பாவு பிணைத்ததும், வீட்டுக் கணக்கை எழுதியதும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான். அவள் உழைப்புக்குத் துணையாயிருந்த பொருளை அவளுக்கு அவமானச் சின்னமாக்குவது எவ்வளவு கொடுமை! கண்ணாடியைச் சாக்காக வைத்து நகையில் இத்தனை பவுன் கூடுதலாகக் கேட்பது அதைவிடக் கொடுமை, அது கொள்ளை. பெண் "பார்க்க" என்று புறப்பட்டுப் போகிறீர்கள். ஜரிகைக் கரையைப் பார்க்கிறீர்கள், காதைப் பார்க்கிறீர்கள், கழுத்தைப் பார்க்கிறீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தீர்களா? பிறர் கண்ணில் துரும்பைத் தேடுகிறவனுக்குத் தன் கண்ணில் என்ன கிடக்கிறதென்று சேசுநாதர் காட்டியது உங்களுக்குத் தெரியும். அந்த நோயைச் சீராக்க வேலூரிலும் லேசர் இல்லை, சென்னையிலும் இல்லை.

இனி யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி.

நம் ஊர் பட்டால் பிழைக்கும் ஊர். பட்டுத் தறி கையாலும் காலாலும் ஓடுகிறது என்று வெளியூரார் நினைக்கலாம். உங்களுக்குத் தெரியும், அது கண்ணால் ஓடுகிறது. பாவில் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தால் கண்டு முடிச்சிட வேண்டும். காணாமல் விட்டால் சேலை நெடுகக் கோடு ஓடும், கூலியில் பிடித்தம் விழும். மனிதருக்கு நாற்பது வயதைத் தாண்டும்போது கண்ணுக்குள்ளிருக்கும் வில்லை இறுகிக் கிட்டத்துப் பார்வை மங்கத் தொடங்குகிறது. இது நோயல்ல, நரை வருவதுபோல எல்லாருக்கும் வருவது. எனக்கும் வந்திருக்கிறது; பூசைப் புத்தகத்தின் சிறிய எழுத்து அதைத் தினமும் சொல்லிக்கொடுக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கிறேன். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

தறிக்குழியில் இருக்கும் தகப்பன் என்ன செய்கிறார்? "வயசாயிற்று, இனி இப்படித்தான்" என்கிறார். வெளிச்சம் போதவில்லை என்கிறார். நுணுக்கமான வேலையை விட்டுச் சாதா வேலைக்கு இறங்குகிறார். கூலி குறைகிறது. தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறார். அவருக்கு வேண்டியதோ சில நூறு ரூபாயில் கிடைக்கும் கிட்டப் பார்க்கும் கண்ணாடி ஒன்று.

இது என் கற்பனை அல்ல. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2018-இல் வெளியாயிற்று. பாதிப்பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்தபின் கொடுத்தார்கள். முன்னவர்கள் பறித்த கொழுந்து மற்றவர்களைவிட நூற்றுக்கு 21-க்கும் அதிகமாகக் கூடியிருந்தது. கொழுந்து பறிக்கிறவருக்கே இப்படியானால், மயிரிழையிலும் மெல்லிய பட்டு இழையோடு போராடுகிறவருக்கு என்ன சொல்வது? உலகம் முழுவதிலும், கிட்டத்துப் பார்வை மங்கியும் கண்ணாடி இல்லாதவர்கள் 82 கோடிக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கணக்குக் கொடுத்தது. அவர்களில் நம் தெருக்காரரும் உண்டு.

இங்கே எச்சரிக்கை ஒன்று சொல்ல வேண்டும். கிட்டப்பார்வையுள்ள நெசவாளர் ஒருவர், நாற்பத்தைந்து வயதில், தூரத்துக்குப் போடும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இழையை வெறுங்கண்ணால் தெளிவாகப் பார்ப்பார். தூரப் பார்வைக்காக லேசர் வைத்துக்கொண்டால் அவருடைய அந்த வசதி போய்விடும். இழையைப் பார்க்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். லேசர் வயதை நிறுத்துவதில்லை. ஆகவே தொழில் இன்னதென்று டாக்டரிடம் விவரமாகச் சொல்லி, கேட்டபின்பே முடிவு செய்ய வேண்டும்.

இப்போது ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மகளின் கண்ணாடியை எடுக்கக் கடன் தேடுகிறார்கள். தகப்பன் கண்ணாடி இல்லாமல் தறியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார். பாட்டி கண்புரை விழுந்து சுவரைத் தடவி நடக்கிறாள். அரை மணி நேரத்திற்குள் முடியும் சிகிச்சையில் அவளுக்குப் பார்வை திரும்பும். தம்பி கரும்பலகை தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மக்கு என்று பெயர் வாங்குகிறான். இந்த வீட்டில் எல்லாருக்கும் நன்றாகத் தெரிகிற ஒரே ஆள், கண்ணாடி போட்டிருக்கும் அந்தப் பெண்தான்! அவள் கண்ணுக்குத்தான் பணம் போகிறது. ஏன்? மற்றவர்களுக்கு வேண்டியது பார்ப்பதற்கான கண். அவளுக்குத் தேடுவது பார்க்கப்படுவதற்கான கண். பார்க்கப்படுவதும் ஒரு தேவைதான், அதை நான் இகழவில்லை. ஆனால் பார்ப்பது அதற்கு முந்தியது. கண் படைக்கப்பட்டது பார்க்கவே. இந்த ஒழுங்கு தலைகீழாகும்போது நல்ல காரியமும் கோணலாகிறது.

மதுரையில் டாக்டர் வேங்கடசாமி 1976-ஆம் ஆண்டு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். அந்த விரல்களாலேயே பல்லாயிரம் கண்களுக்குச் சிகிச்சை செய்தார். பணம் கொடுக்கிறவர்களின் பணத்தால் கொடுக்க முடியாதவர்களுக்கும் பார்வை கிடைக்கும்படி அங்கே ஏற்பாடு செய்தார். கோணிய விரல் அவருக்கு வெட்கமாயிருக்கவில்லை. பிறருடைய பார்வையே அவருக்கு முன்னே நின்றது. பீசா நகரத்து ஸ்பீனா சகோதரரும் அப்படியே. கண்ணுக்கான கலை அவருக்குத் தெரிந்தவுடன், யார் யாருக்குத் தெரியவில்லையோ அவர்களை நினைத்தார்.

ஆகையால், அன்பர்களே, நான் சொல்ல வந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். லேசரும் லென்ஸும் பாவமல்ல. டாக்டர் தகுதியென்று சொல்லி, பெண்ணோ பையனோ தாமாக விரும்பி, கடன்படாமல் செய்ய முடிந்தால் செய்துகொள்ளுங்கள். பொய்யின் பேரில் செய்யாதீர்கள். கேட்டவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். உள்ளதைக் கேட்டுப் பின்வாங்குகிற வரன் போகட்டும். கண்ணாடிக்காகப் போகிறவன் நாளை காய்ச்சலுக்கும் போவான். பெண்பிள்ளைகளே, கண்ணாடி உங்களுக்கு வெட்கமல்ல. அதைப் போட்டுக்கொண்டே கோவிலுக்கு வாருங்கள், போட்டுக்கொண்டே மணமேடை ஏறுங்கள். திருமண ஆசீர்வாதம் கண்ணாடியைக் கண்டு ஒதுங்காது.

இந்த வாரம் ஒவ்வொரு குடும்பத் தலைவனுக்கும் தலைவிக்கும் ஒரு சிறு வேலை கொடுக்கிறேன். ஞாயிறு மாலை, விளக்கு வெளிச்சத்தில், இந்தத் தாளையே வீட்டிலுள்ள ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டியிடம் சுவரிலுள்ள காலண்டர் தேதியைக் கேளுங்கள். யார் தாளை எட்டப் பிடிக்கிறார்கள், யார் மூக்கருகே கொண்டுவருகிறார்கள், யார் "அப்புறம் பார்க்கலாம்" என்று நழுவுகிறார்கள் என்று கவனியுங்கள். அவர்களைத் திங்கட்கிழமையே கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கையில் காசில்லாதவர்கள் கூச்சப்படாமல் என்னிடம் வந்து சொல்லுங்கள்; கோவில் உண்டியலும் நம் மக்களுடைய கைகளும் அதற்காகத்தான் இருக்கின்றன.

நமக்குத் தந்த கண்களால் ஒருவரையொருவர் சரியாய்ப் பார்க்கும் வரத்தைச் சர்வேசுரன் நம் எல்லாருக்கும் அருள்வாராக.

உங்கள் பங்குக் குரு